காப்பு கட்டிய ஊரில் ஒரு பிரசவம்

என் மனைவியைக் கொன்றது நீங்கள்தான், பெரியப்பா. விதி கொல்லவில்லை. கங்கையம்மன் கொல்லவில்லை. நீங்கள் கொன்றீர்கள். இதை உங்கள் முகத்துக்கு நேராக ஒருமுறை சொல்லியாயிற்று. வீட்டுக்குள் சொன்னதால் அது வீட்டோடு போயிற்று. அதனால் எழுதி வைக்கிறேன். எனக்கு அழகாக எழுத வராது. நடந்ததை நடந்தபடி எழுதத் தெரியும்.

எங்கள் ஊர் கவரைப்பேட்டை ஸ்டேஷனிலிருந்து சைக்கிளில் முக்கால் மணி நேரம். ஏரியை நம்பி நெல் போடுகிற ஊர். அப்பா இறந்த பிறகு எங்கள் நிலத்தையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டவர் அப்பாவின் அண்ணனாகிய நீங்கள். கங்கையம்மன் கோயிலுக்குத் தர்மகர்த்தாவும் நீங்கள்தான். எனக்கு நிலத்து வேலை ஒத்துவரவில்லை. கவரைப்பேட்டை பக்கம் இரும்புக் கம்பி இழுக்கும் கம்பெனி ஒன்று வந்ததும் அதில் சேர்ந்தேன். எழுபதுகள் தொடங்கியிருந்த நேரம். எங்கள் ஊரிலிருந்து ஆறேழு பேர் அங்கே போய்க்கொண்டிருந்தோம்.

ஆடி மாதம் அம்மனுக்குக் காப்பு கட்டுவார்கள். பூசாரி கையிலும் தர்மகர்த்தா கையிலும் மஞ்சள் கயிறு ஏறும். தெருமுனைகளில் வேப்பிலைத் தோரணம் ஏறும். அன்றிலிருந்து பத்து நாள், கூழ் ஊற்றி முடியும்வரை, ஊரில் இருப்பவர் யாரும் வெளியூரில் ராத்தங்கக் கூடாது. பகலில் போகலாம். விளக்கு வைப்பதற்குள் திரும்பிவிட வேண்டும். மீறினால் ஊருக்குள் அம்மை வரும் என்று பயம். நாங்கள் கம்பெனியில் கெஞ்சிக் கூத்தாடி ராத்திரி ஷிப்டை மாற்றிக்கொள்வோம். மெட்ராஸ்காரரான சூப்பர்வைசர் ஒவ்வொரு வருஷமும் கேட்பார்.

"இன்னாப்பா, உங்க ஊரு சாமிக்குப் பகல்ல கண்ணு தெரியாதா? பகல்ல வெளிய போனா உட்டுடுது, ராத்திரி போனா மட்டும் புடிச்சிக்குது?"

நாங்களும் சிரிப்போம். சிரித்துவிட்டு, விளக்கு வைப்பதற்குள் சைக்கிளை மிதித்துக்கொண்டு ஊர் வந்து சேர்வோம்.

இன்னொரு கட்டும் உண்டு. காப்பு கட்டின பிறகு ஊர்த் தெருவில் பிள்ளை பிறக்கக் கூடாது. தீட்டு. அதனால் நிறைமாதப் பெண்களை முன்கூட்டியே தாய்வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அந்த வருஷமும் காப்புக்கு முன்னால் நீங்கள் வீடு வீடாக வந்தீர்கள். எங்கள் வாசலில் நின்று கேட்டீர்கள்.

"நைனா, ஊட்ல எத்தினி மாசம்?"

"ஏழு ஆவுது பெரிப்பா" என்றேன்.

பொய் சொன்னேன். ஒன்பதாம் மாதம் பிறந்திருந்தது. இதை நான் மறைக்கப் போவதில்லை. ஏன் பொய் சொன்னேன் என்பதையும் சொல்கிறேன். அதற்கு முன்னால் என் மனைவிக்கு இரண்டு பிள்ளைகள் வயிற்றிலேயே போயின. மூன்றாவது தங்கினால் அந்த ஆடியில் தன் கையால் கூழ் காய்ச்சித் தலைமேல் சுமந்து போய் ஊற்றுகிறேன் என்று கங்கையம்மனுக்கு வேண்டிக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தாய் இல்லை. இருந்தது பொதட்டூர்பேட்டையில் ஒரு அண்ணன். அங்கே அனுப்புகிறேன் என்றேன். கேட்கவில்லை.

"வேண்டிக்கினத செய்யாம போனா இதுவும் தங்காது மாமா. பத்து நாள்தானே? கூழு ஊத்திட்டு மறுநாளே போயிடறேன். நாளு இன்னும் கீது."

அவள் எனக்கு அத்தை மகள். சின்ன வயதிலிருந்தே நான் அவள் பேச்சைத் தட்டியதில்லை. நாள் இருக்கிறது என்று நானும் நம்பினேன். எங்கள் கணக்கில் கூழ் ஊற்றி இருபது நாள் கழித்துத்தான் பிரசவம்.

காப்பு கட்டின நான்காம் நாள் காலையில் வலி கண்டது.

நான் கம்பெனிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். அவள் அடுப்படியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கால் வழியே தண்ணீர் இறங்கியிருந்தது. ஓடிப்போய் மருத்துவச்சியைக் கூட்டிவந்தேன். ஊரில் பாதிப் பேரை அந்தக் கிழவிதான் கையில் வாங்கியவள். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போனவள் கொஞ்ச நேரத்தில் வெளியே வந்தாள். நெற்றியெல்லாம் வியர்வை.

"புள்ள குறுக்கால கீதுடா. என் கைக்கு அடங்காது. பொன்னேரி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கினு ஓடு. இப்பவே ஓடு."

"காப்பு கட்டிகீதே ஆயா."

"காப்பு கெடக்குது. வண்டியக் கட்டு."

வண்டி கட்டினேன். வைக்கோல் பரப்பி, அதன்மேல் பாயும் பழைய புடவைகளும் போட்டு அவளைப் படுக்கவைத்தேன். மருத்துவச்சி தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டாள். உங்கள் வீட்டைத் தாண்டித்தான் வண்டி போக வேண்டும். உங்கள் வாசல் நிலையில் வேப்பிலைக் கொத்து செருகியிருந்தது. உங்கள் மகன் வயிற்றுப் பேத்திக்கு அம்மை போட்டு மூன்று நாள் ஆகியிருந்தது. அது எனக்குத் தெரியும். ஊருக்கே தெரியும்.

கங்கையம்மன் கோயில் ஏரிக்கரையில் இருக்கிறது. கோயிலைத் தாண்டி இருபது முப்பது அடியில் எல்லைக்கல். வண்டி கோயில் முன்னால் போகும்போது நாலு பேர் வந்து மாட்டின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்தார்கள். நீங்கள் கோயிலுக்குள்ளிருந்து வந்தீர்கள். கையில் மஞ்சள் கயிறு.

"எங்கடா வண்டியக் கட்டிக்கினு?"

"பொன்னேரிக்கு பெரிப்பா. புள்ள குறுக்கால கீதாம்."

"வெளக்கு வெக்கறதுக்குள்ள வந்துடுவியா?"

"நான் வந்துடறேன். அவ அங்கயே இருக்கணும் இல்ல?"

"அவளும் காப்புக்குள்ள கீறவதானே?"

கயிற்றைப் பிடித்திருந்தவர்களில் ஒருவன் சிரித்தான். "ஏழு மாசம்னு சொன்னே? ஏழு மாசத்துல இன்னாடா பிரசவ வலி? உம் பொண்டாட்டி ஏழுலருந்து ஒம்போதுக்கு ரயில்ல வந்துட்டாளா?"

என் பொய் அங்கே நடுரோட்டில் என்னைப் பிடித்துக்கொண்டது. இன்னொருவன் போன வருஷத்துக் கதையை எடுத்தான். போன வருஷம் காப்புக்குள் ஒருவன் மாமியார் வீட்டில் ஒரு ராத்திரி தங்கிவிட்டு வந்தான். அதற்கப்புறம் ஊரில் அம்மை வந்து இரண்டு பிள்ளைகள் போனார்கள். "இன்னும் எத்தினி புள்ளைங்களடா வாரிக் குடுக்கணும்?" என்று அவன் கத்தினான். அவன் மகன் அந்த இரண்டு பிள்ளைகளில் ஒருவன்.

வண்டிக்குள்ளிருந்து அவள் குரல் வந்தது.

"மாமா, ஓட்டு மாமா. நிக்காத."

நான் மாட்டைத் தட்டியிருக்க வேண்டும். நாலு பேரைத் தள்ளிவிட்டு ஓட்டியிருக்கலாம். உலையில் கம்பி இழுக்கிற கை என்னுடையது. அன்றைக்கு அந்தக் கையால் ஒன்றும் செய்யவில்லை. உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்பா இருந்திருந்தால் என்ன சொல்லுவாரோ அதை நீங்கள் சொல்லுவீர்கள் என்று எதிர்பார்த்தேன். நீங்கள் ஏரியைப் பார்த்துக்கொண்டு சொன்னீர்கள்.

"நானும் சொல்லல, நீயும் சொல்லாத. அம்மாவக் கேப்போம். வெள்ள வந்தா வண்டி போவட்டும், ஒருத்தனும் தடுக்க மாட்டான். செவப்பு வந்தா திரும்பிடு. கயனிக் கொட்டாயில வெச்சிப் பாத்துக்கோ. தெருவுல வேணாம்."

பூக் கேட்பது எங்கள் ஊரில் புதிதில்லை. வெள்ளை நந்தியாவட்டையை ஒரு பொட்டலம், சிவப்பு அரளியை ஒரு பொட்டலம், வாழைச்சருகில் ஒன்றுபோலக் கட்டி அம்மன் காலடியில் வைப்பார்கள். கேட்கிறவன் ஈரத்துணியோடு போய் ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை என்றால் உத்தரவு. சிவப்பு என்றால் இல்லை. எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது. அம்மன் சொல்லாத வார்த்தையைப் பார்க்கக் கூடாது என்பார்கள். அதை அப்படியே கோயில் கிணற்றில் போட்டுவிடுவார்கள்.

சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். நீங்கள் பூக் கேட்கலாம் என்றதும் எனக்கு நெஞ்சு லேசாகிவிட்டது. சந்தோஷம்கூட வந்தது. அவளைப்போல அந்த அம்மனைக் கும்பிட்டவள் ஊரில் யார்? செவ்வாயும் வெள்ளியும் பட்டினி கிடந்தவள். அவளுக்கு வெள்ளை வராமல் போகுமா?

ஏரியில் முழுகி வந்தேன். அதற்குள் பூசாரியும் அவன் மனைவியும் நீங்களும் உள்ளே போய்ப் பொட்டலம் கட்டி வைத்திருந்தீர்கள். கற்பூரம் காட்டினார்கள். குனிந்தேன். முதலில் வலது பக்கப் பொட்டலத்தைத்தான் தொட்டேன். ஏனோ கை நகர்ந்தது. இடது பக்கத்தில் இருந்ததை எடுத்தேன். பூசாரி பிரித்தான்.

அரளி.

நீங்கள் மற்றப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு போய்க் கிணற்றில் போட்டீர்கள். நான் மாட்டைத் திருப்பினேன். ஆமாம், நானேதான் திருப்பினேன். வண்டி திரும்புவது அவளுக்குத் தெரிந்துவிட்டது. "இன்னா மாமா, இன்னா மாமா" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். மருத்துவச்சி மட்டும் வண்டியிலிருந்து தலையை நீட்டி உங்களைப் பார்த்துக் காறித் துப்பினாள்.

"பூவப் பாத்துக்கினு வயித்துல கீற புள்ள திரும்பிக்குமா? நீங்கல்லாம் ஆம்பளைங்களா?"

கழனிக் கொட்டாய் என்பது நம் மோட்டார் கொட்டகை. பம்பு செட்டும், மண்வெட்டியும், உர மூட்டையும் இருக்கிற இடம். மோட்டாரை நிறுத்திவிட்டு அதன் பக்கத்தில் பாய் போட்டோம். அவள் பட்டதை எழுதமாட்டேன். அது அவளுடையது. மறுநாள் பொழுது விடிவதற்கு முன்னால் எல்லாம் முடிந்தது. பிள்ளையும் வெளியே வரவில்லை. மருத்துவச்சி கையைக் கழுவிவிட்டு வரப்பில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள்.

ஊரில் சாவு விழுந்தால் திருவிழா நின்றுபோகும். நின்றதா? நிற்கவில்லை. நீங்கள் கழனிவரைக்கும் வந்து, கொட்டகைக்கு வெளியே நின்று சொன்னீர்கள்.

"தெருவுல சாவல. கயனியிலதான். தீட்டு ஊருக்குள்ள வராது. மேளம் கீளம் வேணாம் நைனா. சட்டுனு எடுத்துடு."

சுடுகாடு எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம். அதே வண்டி. அதே மாடு. அதே நாலு பேர் வழிவிட்டு ஒதுங்கி நின்றார்கள். ஒருவனும் கயிற்றைப் பிடிக்கவில்லை. உங்களைக் கேட்டேன், ஞாபகம் இருக்கிறதா? "இப்ப மட்டும் எல்லையத் தாண்டலாமா பெரிப்பா? இவ இனிமே வெளக்கு வெக்கறதுக்குள்ள வரமாட்டாளே?" என்று கேட்டேன்.

"செத்தவங்களுக்குக் காப்பு இல்லடா" என்றீர்கள்.

ஆறாம் நாள் உங்கள் பேத்திக்கு அம்மை இறங்கித் தலைக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். பத்தாம் நாள் ஊரே கூழ் குடித்தது.

அதற்கப்புறம் நான் அந்தக் கோயிலுக்குள் கால் வைக்கவில்லை. உங்கள் மேல் கோபத்தால் அல்ல. அப்போது உங்கள் மேல் எனக்குக் கோபமே இல்லை. கோபமெல்லாம் என் கை மேல்தான். வலது பக்கத்தை விட்டு இடது பக்கம் போன கை. கம்பெனியில் கம்பி இழுக்கும்போது அந்தக் கை உலையில் போனால் போகட்டும் என்று இருந்தேன். ஒருமுறை சூப்பர்வைசர் என்னை இழுத்துத் தள்ளிவிட்டுக் கத்தினார். "சாவறதுன்னா ரயில் ரோட்டுல போய்ப் படு. எம் மிஷின்ல சாவாத."

அம்மன் ஏன் அவளை வேண்டாம் என்றாள்? நான் சொன்ன பொய்க்காகவா? பொய் சொன்னவன் நான்தானே, என்னைக் கேட்டிருக்கலாமே? இதை ஊர்க் கோயிலில் போய்க் கேட்க எனக்குத் தெம்பு இல்லை. அதனால் ஆடி ஞாயிற்றுக்கிழமைகளில் பெரியபாளையம் போவேன். அங்கே பவானி அம்மன் சன்னதியில் ஆயிரம் பேரில் ஒருவனாக வேப்பிலையைக் கட்டிக்கொண்டு ஈர உடம்போடு சுற்றுவேன். அங்கே யாருக்கும் என்னைத் தெரியாது. வருஷா வருஷம் ஒரே கேள்வி. பதில் இல்லை.

ஏழாவது வருஷமோ எட்டாவது வருஷமோ, கோயிலுக்கு வெளியே வேப்பிலைக் கட்டு விற்கிறவர்கள் வரிசையில் ஒரு அம்மாள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நம் ஊர்ப் பூசாரியின் மனைவி. பூசாரி செத்த பிறகு அவள் ஊரை விட்டுப் போனது எனக்குத் தெரியும். இங்கே வந்தது தெரியாது.

"நீ எதுக்குடா எல கட்டிக்கினு சுத்தற? உனுக்கு இன்னா வேண்டுதல?" என்றாள்.

"வேண்டுதல இல்லக்கா. கை பண்ண பாவம்" என்றேன்.

அவள் கையிலிருந்த வேப்பிலைக் கட்டைக் கீழே வைத்தாள். என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னாள்.

"உன் கை ஒண்ணும் பண்ணல. நந்தியாவட்டைய நான்தான் மடியில பறிச்சிக்கினு போனேன். கட்டும்போது உங்க பெரிப்பா கையப் புடிச்சிக்கினாரு. 'ரெண்டுலயும் அரளியே வையி'ன்னாரு. எங்க ஊட்டுக்காரரு, 'அம்மா முன்னாடி இது ஆவாது சாமி'ன்னாரு. உங்க பெரிப்பா அழுதாரு. 'எம் பேத்திக்கு இன்னும் எறங்கல, இந்த நேரத்துல எல்ல தாண்டினா அது போயிடும்'னு எங்க ரெண்டு பேரு கால்லயும் உழ வந்தாரு. நாங்க இன்னா பண்ணுவோம்? அந்தக் கோயிலுதான் எங்களுக்குச் சோறு."

"வலதுல இருந்தது?"

"அதுவும் அரளிதாண்டா. எத எடுத்திருந்தாலும் அரளிதான்."

அந்த இடத்திலேயே நான் வாய்விட்டு அழுதேன். என் கை ஒன்றும் செய்யவில்லை என்று ஆறுதலால் அழுதேன் என்று அவள் நினைத்தாள். ஆறுதல் இல்லை. அதுவரைக்கும் அம்மன் வேண்டாம் என்று சொல்லி அவள் போனாள் என்று இருந்தது. அதைத் தாங்கிக்கொண்டு ஏதோ நாளை ஓட்டினேன். இப்போது அம்மனை யாருமே கேட்கவில்லை என்று ஆகிவிட்டது. யாரும் கேட்காத ஒரு கேள்விக்குக் கட்டுப்பட்டு நான் வண்டியைத் திருப்பினேன். "ஓட்டு மாமா" என்று அவள் சொன்னது ஒன்றுதான் அன்றைக்கு அந்த இடத்தில் பேசப்பட்ட உண்மையான வார்த்தை. அதை நான் கேட்கவில்லை.

அந்த வாரமே உங்கள் வீட்டுக்கு வந்தேன். நீங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தீர்கள். கேட்டேன். நீங்கள் இல்லை என்று சொல்லவில்லை. ஆமாம் என்றும் சொல்லவில்லை. கையை இலையிலேயே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தீர்கள்.

"ஏழு மாசம்னு பொய் சொன்னது யாரு? நீ ஒழுங்கா சொல்லியிருந்தா அவள முன்னாடியே அனுப்பியிருப்போம். அன்னிக்கு ரோட்டுல சந்தேகப்பட்டவங்ககிட்ட கொறமாசம்னு சொல்லி அடக்கினது யாரு? உன் மானத்த நான் காப்பாத்தினேன். நீ என்னை வந்து கேக்கறியா?"

அந்தப் பேச்சுக்கு நான் அடங்கிப்போனேன். என் வாயை நீங்கள் அழகாகக் கட்டினீர்கள். நான் உங்களைக் காட்டிக்கொடுத்தால் நீங்கள் என்னைக் காட்டிக்கொடுப்பீர்கள். இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டு செத்துப்போகலாம் என்பது உங்கள் ஏற்பாடு.

எனக்கு அது வேண்டாம். என் பொய்யை நானே மேலே எழுதிவிட்டேன். ஒன்பதாம் மாதத்தை ஏழு என்று சொன்னவன் நான். ஊரார் என் முகத்தில் துப்பினால் துப்பட்டும். தள்ளிவைத்தால் வைக்கட்டும். என்னைப் பிடித்து நிறுத்த உங்களிடம் இனி ஒன்றும் இல்லை.

உங்கள் பேத்தி மேல் எனக்குப் பகை இல்லை. நோட்டைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறபோது பார்க்கிறேன். அது நன்றாக இருக்கட்டும். தன் வீட்டுப் பிள்ளைக்காக ஒருவன் எதையும் செய்வான். அது எனக்குப் புரியாமல் இல்லை. நானும் அதே நாளில் என் பிள்ளைக்காகத்தான் உங்கள் முன்னால் நின்றேன். ஆனால் உங்களுக்குப் பயமாக இருக்கிறது என்று நடுரோட்டில் சொல்லியிருக்கலாம். "எம் பேத்தி செத்துடும்டா, போவாத" என்று என் காலில் விழுந்திருக்கலாம். அப்போது நான் உங்களைத் தள்ளிவிட்டு ஓட்டியிருப்பேன். அது மனிதனுக்கும் மனிதனுக்கும் நடந்த சண்டையாக இருந்திருக்கும். நீங்கள் அம்மன் பேரைச் சொல்லி என் கையைக் கட்டினீர்கள். அந்த அம்மன் மேல் உங்களுக்கு நம்பிக்கை இருந்திருந்தால் ஒரு பொட்டலத்திலாவது வெள்ளையை வைத்திருப்பீர்கள். அவள் என்ன சொல்லுவாளோ என்று பயந்துதானே வைக்கவில்லை? அந்தக் கோயில் வாசலில் அன்றைக்கு அம்மனை நம்பியது நானும் வண்டிக்குள் கிடந்தவளும் மட்டும்தான். அவளை நம்பாத நீங்கள் இன்றைக்கும் தர்மகர்த்தா. இந்த ஆடிக்கும் உங்கள் கையில்தான் மஞ்சள் கயிறு ஏறப்போகிறது.

வருகிற ஆடியில், காப்பு கட்டுவதற்கு முன்னால், வழக்கம்போல ஊர் கூடும். நான் வருவேன். கோயில் முன்னால் நின்று என் பொய்யை முதலில் சொல்லுவேன். பிறகு உட்கார்ந்துகொள்வேன். அதற்கப்புறம் நீங்கள் எழுந்து நிற்க வேண்டும், பெரியப்பா. என்னிடம் தனியாகச் சொல்ல வேண்டாம். பிள்ளையை அம்மைக்குக் கொடுத்தானே, அவனிடம் சொல்லுங்கள். மூக்கணாங்கயிற்றைப் பிடித்த நாலு பேரிடம் சொல்லுங்கள். மருத்துவச்சி உயிரோடுதான் இருக்கிறாள், அவளையும் உட்காரவைப்பேன். அத்தனை பேர் காதிலும் விழும்படி சொல்லுங்கள்: பொட்டலத்தில் என்ன வைத்தீர்கள்? அம்மனை ஏன் பேசவிடவில்லை? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் அந்தக் கயிற்றைக் கையில் கட்டிக்கொள்ள உங்களுக்கு யார் உத்தரவு கொடுத்தது?